சாயத் தொழிலும் சிறுநீர்ப்பைப் புற்றும்

நோய்களுக்கும் சரித்திரம் உண்டு. அரசர்களின் சரித்திரத்தில் போர்களும் பட்டாபிஷேகங்களும் இடம்பெறுவதுபோல, நோய்களின் சரித்திரத்தில் மருத்துவமனைகளும் தொழிற்கூடங்களும் ஆராய்ச்சிச் சாலைகளும் இடம்பெறுகின்றன. ஆனால் அச்சரித்திரத்தை ஆக்கியவர்களில் பெரும்பாலோர் பெயர் அறியப்படாதவர்கள். சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி, சாயத் தொழிற்சாலைகளில் உழைத்து நோயுற்று மாண்ட தொழிலாளர்களிடமிருந்து கிடைத்ததாகும். நாம் உடுத்தும் ஆடைக்கு வண்ணம் தந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய உடலில் எழுதப்பட்டிருந்த உண்மையை விஞ்ஞானம் எவ்வாறு சிறிது சிறிதாகப் படித்தறிந்தது, படித்தறிந்த பின்னும் உலகம் எவ்வளவு காலம் தாழ்த்தியது என்பதை இங்கே காண்போம்.

ஆதியில் சாயம் என்பது செடியும் வேரும் பட்டையும் தந்த பொருள். அவுரியிலிருந்து நீலத்தையும், மஞ்சிட்டி, சாயவேர் முதலியவற்றிலிருந்து சிவப்பையும் நம் நாட்டுச் சாயக்காரர்கள் எடுத்தார்கள். இந்நிலை 1856ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. அப்போது இலண்டனில் வில்லியம் ஹென்றி பர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குவினைனைச் செயற்கையாக ஆக்கிவிடலாம் என்று முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அனிலின் என்ற பொருளை வைத்துக்கொண்டு அவர் செய்த பரிசோதனையில் குவினைன் கிடைக்கவில்லை. கறுத்த கசடு ஒன்றே எஞ்சியது. அக்கசடைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. பட்டில் ஏற்றியபோது அந்நிறம் வெளுக்காமல் நின்றது. உலகின் செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு பிறந்தது.

சில ஆண்டுகளுக்குள் மெஜந்தா முதலிய புதிய நிறங்கள் வந்தன. ஜெர்மனியில் ரைன், மைன் நதிக்கரைகளில் பெரிய சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1897இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நமது நாட்டின் அவுரி வியாபாரம் சரிந்த கதை நாம் அறிந்ததே. வண்ணங்கள் மலிந்தன, துணிகளின் அழகு பெருகியது. தொழிற்சாலையின் உள்ளே நிகழ்ந்ததை மட்டும் வெளியுலகம் அறியவில்லை. கொப்பரைகளிலிருந்து எழும் ஆவியைத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள். பொடிகள் அவர்களுடைய தோலிலும் உடையிலும் படிந்தன. அந்தப் பொருள்கள் நுரையீரல் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலினுள் புகுந்தன.

சிறுநீர்ப்பை உடலின் ஒரு சிறு தொட்டி போன்றது. இரத்தத்திலுள்ள கழிவுகளைச் சிறுநீரகங்கள் வடிகட்டி அனுப்புகின்றன. அவை வெளியேறும் வேளை வரும்வரையில் பல மணி நேரம் இப்பையில் தங்குகின்றன. பையின் உட்சுவரில் சில அடுக்குகளாக அமைந்த மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று உண்டு. கழிவுகளோடு தொடர்ந்து உறவாட வேண்டிய விதி அப்படலத்தினுடையது. உடலினுள் புகுந்த நஞ்சு எங்கெங்கே சுற்றினாலும் இறுதியில் செறிந்து தங்குமிடம் இதுவே. இப்பையின் உட்புறத்தை உயிருள்ள மனிதனில் கண்ணால் காண நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. 1879இல் மாக்ஸ் நிட்ஸே என்ற ஜெர்மன் மருத்துவர் வியன்னாவில் ஒளி பொருந்திய உள்நோக்குக் கருவி ஒன்றைச் செய்துகாட்டிய பிறகே அது இயல்வதாயிற்று.

1895இல் பெர்லின் நகரில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் பிராங்க்பர்ட் நகரத்து லூத்விக் ரேன் என்ற மருத்துவர் ஒரு சிறிய செய்தியை எடுத்துரைத்தார். இதயத்தில் பட்ட கத்திக் காயத்தை 1896இல் வெற்றியுடன் தைத்துப் புகழ்பெற்றவர் இவரே. ஆனால் முந்திய ஆண்டில் அவர் கூறிய அந்தச் செய்தி அப்புகழுக்குச் சிறிதும் குறைந்ததன்று. மெஜந்தாச் சாயம் ஆக்கும் ஒரு தொழிற்சாலையில் அந்த வேலையில் ஈடுபட்ட 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டிருப்பதை அவர் கவனித்தார். சிறுநீர்ப்பைக் கட்டி அக்காலத்தில் அரிதாகக் காணப்பட்ட நோய். ஒரே வேலையைச் செய்த நாற்பத்தைந்து பேரில் மூவருக்கு அது வருவது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார். வேலைக்கும் நோய்க்கும் இடையே உள்ள உறவை ஒரு மருத்துவர் தம் நோயாளிகளிடம் தொழில் என்ன என்று கேட்டுக் கண்டுபிடித்தார் என்பதை நாம் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மிக எளிய கேள்விதான். ஆயினும் சிறுநீர்ப்பைக் கட்டியைப் பொறுத்தவரையில் அதற்கு முன் அதை எவரும் கேட்டுப் பதிலைக் கூட்டிப் பார்க்கவில்லை.

ரேன் தாம் கண்ட நோய்க்கு அனிலினே காரணம் என்று எண்ணினார். ஆதலால் "அனிலின் புற்று" என்ற பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்தது, குற்றவாளி வேறாக இருந்தான். சாயத் தொழிற்சாலையில் அனிலினோடு அதன் உறவினங்களான பல பொருள்கள் புழங்கின. அவற்றுக்கு அமீன்கள் என்று பெயர். மெஜந்தா தயாரிப்பில் அனிலினுடன் சேர்ந்திருந்த ஆர்த்தோ டொலுவிடின் சிறுநீர்ப்பைப் புற்றை விளைப்பது என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்துள்ளனர். பிற சாயங்களுக்கு மூலப்பொருள்களாகிய பென்சிடினும், பீட்டா நாப்தைலமினும் அதனினும் கொடியவை. 1921இல் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பல நாட்டுச் செய்திகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பீட்டா நாப்தைலமின், பென்சிடின் ஆகிய இரண்டின் பெயரையும் குறிப்பிட்டு, இவற்றைக் கையாளும் இடங்களில் மிகக் கடுமையான பாதுகாப்பு முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்று அவ்வறிக்கை வலியுறுத்தியது. ஆகவே 1921க்குப் பிறகு எவரும் 'எமக்குத் தெரியாது' என்று சொல்வதற்கு இடமில்லை. எனினும் கொப்பரைகள் அணையவில்லை.

ஏன் அணையவில்லை? அதற்கு ஒரு சமாதானம் கூறப்பட்டது. மனிதர்களிடம் கண்டது சந்தேகம்தானே ஒழிய நிரூபணமன்று. அப்பொருளைப் பிராணிகளுக்குக் கொடுத்துப் புற்றை உண்டாக்கிக் காட்டினால் அல்லவா நம்பலாம் என்றார்கள். எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று எதுவும் தோன்றவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்ஹெல்ம் ஹியூப்பர். ஜெர்மனியில் பிறந்து 1923இல் அமெரிக்காவில் குடியேறிய அவர், டூபாண்ட் என்ற பெரிய இரசாயன நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்தார். அவர் எலியையும் முயலையும் விட்டு நாயைத் தேர்ந்தெடுத்தார். பீட்டா நாப்தைலமினை நெடுங்காலம் பெற்ற நாய்களுக்கு மனிதனுக்கு வருவது போன்ற சிறுநீர்ப்பைக் கட்டிகள் வந்தன. 1938இல் இம்முடிவு அச்சில் வெளிவந்தது.

அதற்குள் ஹியூப்பர் அந்த நிறுவனத்தில் இல்லை. 1937இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பீட்டா நாப்தைலமின் தயாராகும் கட்டிடத்தைப் பார்வையிட அவர் அழைத்துச் செல்லப்பட்டார். இடம் வியக்கத்தக்க வகையில் சுத்தமாக இருந்தது. அவர் அதைப் பாராட்டியபோது அங்கிருந்த மேஸ்திரி, நேற்றிரவு முழுவதும் கழுவிச் சுத்தம் செய்ததால் வந்த சுத்தம் இது என்று வெள்ளையாகச் சொல்லிவிட்டாராம். உடனே ஹியூப்பர், முன்னறிவிப்பில்லாமல் பக்கத்திலுள்ள பென்சிடின் கட்டிடத்துக்குச் சென்றார்; அங்கே தரை, படிக்கட்டு, சன்னல் எங்கும் வெண்ணிறப் பொடி படிந்திருந்தது. இதை அவர் மேலிடத்துக்கு எழுதினார். அதன்பின் அக்கட்டிடங்களுக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் இத்தகைய மூடிய கதவுகளும் ஒரு பகுதி என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டு இரசாயன உற்பத்தியாளர் சங்கத்தின் ஆதரவில் ராபர்ட் கேஸ் என்ற விஞ்ஞானி இலண்டனில் ஒரு பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கினார். அவர் நுண்ணோக்கியை நாடவில்லை. தொழிற்சாலைகளின் சம்பளப் பதிவேடுகளையும், நாட்டின் மரணச் சான்றிதழ்களையும் நாடினார். இன்னின்னார் இன்னின்ன பொருளோடு இத்தனை ஆண்டு பழகினார்கள். அவர்களில் எத்தனை பேர் சிறுநீர்ப்பைப் புற்றால் இறந்தார்கள். நாட்டு மக்களின் பொதுக் கணக்குப்படி எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று ஒப்பிட்டார். 1954இல் வெளிவந்த முடிவு எவரையும் திடுக்கிடச் செய்வது. சாயத் தொழிலாளர்களுக்கு இந்நோயால் மரணம் நேரும் அபாயம் பொதுமக்களைப்போல் சுமார் 30 மடங்கு. பீட்டா நாப்தைலமினோடு பழகியவர்களை மட்டும் தனியே எடுத்தால், பொதுக் கணக்குப்படி ஒருவர்கூட இறக்க வேண்டாத இடத்தில் 26 பேர் இறந்திருந்தார்கள். வேலையில் சேர்ந்ததற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. வேலையை விட்டு விலகி, அதை மறந்தே போன பின்னும் நோய் தேடி வந்தது.

இக்கணக்கெடுப்பில் இன்னொரு வியப்பும் நேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாயத் தொழில் இல்லாத நகரம் ஒன்று வேண்டுமென்று கேஸ் பர்மிங்ஹாமை எடுத்துக்கொண்டார். அங்கே ரப்பர் தொழிலாளர்களிடையே இந்நோய் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. ஆராய்ந்தபோது, ரப்பர் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பொருளில் பீட்டா நாப்தைலமின் கலந்திருந்தது தெரியவந்தது. சாயக் கொப்பரையை ஒரு நாளும் கண்டிராத மனிதர்கள் சாயக்காரரின் நோயால் இறந்துகொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1949இல் பீட்டா நாப்தைலமின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1953இல் சிறுநீர்ப்பைப் புற்று நஷ்ட ஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. 1967இல் சட்டம் அப்பொருளைத் தடைசெய்தது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் உற்பத்தி முடிவுற்றது. ரேன் எழுந்து பேசிய நாளிலிருந்து இங்கிலாந்தில் கொப்பரை அணைந்த நாள் வரையில் எண்ணினால் 54 ஆண்டுகள். ஒரு மனிதனின் உழைக்கும் பருவத்தைவிட நீண்ட காலம்.

எச்சரிக்கையைக் காலத்தில் ஏற்றுக்கொண்டால் என்ன நன்மை விளையும் என்பதற்கும் இச்சரித்திரத்திலேயே சான்று உண்டு. 4-அமினோபைபீனைல் என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள். 1952இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அதை எலிகளில் சோதித்து, புற்று விளைவதைக் கண்டார்கள். ஆகவே பிரிட்டனில் அப்பொருளின் உற்பத்தி தொடங்கப்படவே இல்லை. அமெரிக்காவிலோ அது 1935 முதல் தயாரிக்கப்பட்டு வந்தது. 1955இல் அங்கே 171 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 19 பேருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்தது. ஒரே பொருள், இரண்டு நாடுகள். ஒரு நாட்டில் எலிகளின் சாட்சியத்தை ஏற்றார்கள். இன்னொரு நாட்டில் மனிதர்களே சாட்சியாக நேர்ந்தது.

இனி, நாய்க்கு வந்த நோய் எலிக்கும் முயலுக்கும் வராதது ஏன் என்ற பழைய கேள்விக்குத் திரும்புவோம். இக்கேள்வியின் விடை நோயின் உள்வேலையையே நமக்கு விளக்குகிறது. பீட்டா நாப்தைலமின் உடலில் புகுந்ததும் ஈரலை அடைகிறது. ஈரல் அதை இரண்டு வழிகளில் மாற்றக்கூடும். ஒரு வழியில் அதனோடு அசிட்டைல் என்ற சிறு இரசாயனக் கூறு இணைகிறது. அப்போது அது பெரும்பாலும் தீங்கற்றதாகி வெளியேறுகிறது. மற்றொரு வழியில் அதன்மீது ஆக்ஸிஜன் ஏறுகிறது. இவ்வாறு மாறிய பொருள், ஈரல் அதன்மேல் போர்த்திவிட்ட உறையோடு சிறுநீர்ப்பை வரையில் சாதுவாகப் பயணம் செய்கிறது. அங்கே அமிலத்தன்மை பொருந்திய சிறுநீரில் அந்த உறை கழன்றுவிடுகிறது. உள்ளிருந்த நஞ்சு பையின் உட்சுவர் உயிரணுக்களில் புகுந்து, அவற்றின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்கிறது. நாயின் உடலுக்கு அசிட்டைல் சேர்க்கும் ஆற்றல் கிடையாது. முயலுக்கு அது மிகுதி. முயல் தப்பியதும் நாய் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

மனிதர்கள் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறார்கள். சிலருடைய உடல் அசிட்டைலை விரைவாகச் சேர்க்கும். சிலருடைய உடல் மெதுவாகச் சேர்க்கும். இது பெற்றோர் வழி வரும் குணம். இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்பீல்டு நகரத்துச் சாயத் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள் 1982இல் வெளியிட்ட செய்தியின்படி, சிறுநீர்ப்பைப் புற்று கண்ட 23 பேரில் 22 பேர் மெதுவாகச் சேர்க்கும் இயல்புடையவர்கள். ஒரே கொப்பரை அருகே நின்ற இருவரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமற் போனதை ஊழ் என்று சொல்லி வந்தோம். அவ்வூழின் ஒரு பகுதி மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்பது புலனாயிற்று.

இந்த ஆராய்ச்சியில் நமது நாட்டுக்கும் பங்கு உண்டு. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அகமதாபாத் நகரத்துச் சாயத் தொழிலாளரைப் பற்றி இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த ஆய்வுகள் வெளிவந்தன. பென்சிடினோடு பழகிய தொழிலாளர்களின் சிறுநீரில் உதிர்ந்து வரும் உயிரணுக்களை அவர்கள் சோதித்தார்கள். பென்சிடின் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு ஏற்படுத்திய வடு அவ்வுயிரணுக்களில் கண்கூடாகத் தெரிந்தது. சிறுநீரின் அமிலத்தன்மை கூடக்கூட வடுவும் கூடியது. ஆனால் பென்சிடின் வகையில், அசிட்டைல் மெதுவாகச் சேர்வதனால் தனி அபாயம் எதையும் அவர்கள் காணவில்லை. ஒரே குடும்பத்து நஞ்சுகளும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன என்பதே இதன் பொருள். 1990ஆம் ஆண்டுகளில் இந்திய அரசாங்கம் பென்சிடின் வகைச் சாயங்களையும் அவற்றை ஒத்த பிறவற்றையும் சேர்த்து 112 சாயங்களைத் தடைசெய்தது.

சாயத் தொழிலுக்கு வெளியேயும் இந்நோய் பரவியிருந்ததை நாம் கருத வேண்டும். எகிப்து நாட்டில் நைல் நதிப் பாசனத்தில் இறங்கி உழும் விவசாயிகளின் உடலில் ஒரு வகைப் புழு குடிகொண்டு, சிறுநீர்ப்பையைப் பல்லாண்டுகள் புண்படுத்திப் புற்றுக்கு வழிசெய்வதை 1911இல் கெய்ரோ நகரில் பெர்குசன் என்பவர் எடுத்துக்காட்டினார். 1956இல் அமெரிக்காவில் ஏப்ரகாம் லிலியன்பெல்டும் அவருடைய துணைவர்களும் புகைபிடிப்போருக்கு இந்நோய் மிகுதியாக வருவதைக் கண்டார்கள். புகையை இரசாயன முறையில் பகுத்துப் பார்த்தபோது அதில் இருந்தவை என்ன? பீட்டா நாப்தைலமின், 4-அமினோபைபீனைல் ஆகிய அதே பழைய நஞ்சுகள்! ஆலையில் தடைசெய்யப்பட்ட பொருளை மனிதன் தன் கையாலேயே கொளுத்தித் தன் வாயாலேயே இழுத்துக்கொள்கிறான். இன்று சிறுநீர்ப்பைப் புற்று காண்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் நோய்க்குப் புகையிலையே காரணம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

நஞ்சு டி.என்.ஏ.யைப் பற்றுகிறது என்றோம். பற்றியபின் என்ன நிகழ்கிறது? இவ்வினாவுக்கு முதல் விடை கிடைத்ததும் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்துதான். ஒரு பெண்மணியின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை விஞ்ஞானிகள் கண்ணாடிப் பாத்திரங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார்கள். அவற்றின் டி.என்.ஏ.யைப் பிரித்து, எலியின் உயிரணுக்களுக்குள் செலுத்தியபோது அவையும் புற்றுத் தன்மை அடைந்தன. எனவே புற்றை விளைக்கும் கட்டளை அந்த டி.என்.ஏ.யில் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க், மரியானோ பார்பசித், மைக்கேல் விக்லர் ஆகியோரின் மூன்று குழுக்கள் போட்டியிட்டு அந்த இடத்தைத் தேடின. 1982இல் மூன்றும் ஒரே விடையை அடைந்தன. பார்பசித்தின் குழுவில் முதன்மையாக நின்று அக்கட்டுரையை வெளியிட்டவர் இந்தியாவில் பிறந்த பிரேம்குமார் ரெட்டி என்பதை நாம் பெருமையுடன் குறிப்பிடலாம்.

அவர்கள் கண்டது என்ன? மனிதனின் டி.என்.ஏ. ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களால் ஆன நூலைப் போன்றது. அதில் எச்-ராஸ் என்ற ஒரு மரபணு, 189 கண்ணிகள் கொண்ட ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு. புற்றுற்ற உயிரணுவில் அந்தக் குறிப்பின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் பன்னிரண்டாவது கண்ணியில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் அமர்ந்தது. அந்தப் புரதம் இயல்பில் ஒரு மின்விசையைப் போன்றது. 'வளர்க' என்ற கட்டளை வரும்போது இயங்கி, வேலை முடிந்ததும் அடங்கும். எழுத்து மாறியபின் அது அடங்க மறுத்தது. மனிதப் புற்றுநோயில் ஒரு மரபணுவின் ஓரெழுத்துப் பிழையை உலகம் கண்டது இதுவே முதல் தடவை. தமிழில் ஓரெழுத்து மாறினால் பொருள் தலைகீழாகும் என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுக்களில் ஒரு சிறு பகுதியில்தான் எச்-ராஸ் பிழை காணப்படுகிறது என்பது பிறகு தெரிந்தது. ஒரு பிழை மட்டும் புற்றை ஆக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் பிழைமேல் பிழையாகச் சேர வேண்டும். கேஸ் கணக்கிட்ட பதினெட்டு ஆண்டு இடைவெளியின் பொருள் அதுவே. மேலும் இந்நோய் இரண்டு பாதைகளில் வளர்கிறது. முதற்பாதையில், எப்.ஜி.எப்.ஆர்.-3 என்ற மரபணுவில் பிழை நேர்ந்து, பாசியைப் போலவும் பூங்கொத்தைப் போலவும் உட்புறமாக நீளும் கட்டிகள் தோன்றுகின்றன. இப்பிழையைப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் அறிவித்தார்கள். இக்கட்டிகள் திரும்பத் திரும்ப முளைத்துத் தொல்லை தரும். ஆனால் பெரும்பாலும் ஆழத்தில் இறங்குவதில்லை. இரண்டாம் பாதையில், உயிரணுவின் காவலன் என்று சொல்லத்தக்க பி-53 மரபணு கெட்டுவிடுகிறது. கட்டி தட்டையாகப் பரவி, பையின் தசைச் சுவரைத் துளைத்து உடலெங்கும் செல்லத் துணிகிறது. தசையைத் துளைத்த புற்றுக்களில் ஏறக்குறைய பாதியில் பி-53 கெட்டிருக்கிறது. ஒன்பதாம் குரோமோசோமின் பகுதிகள் இழந்துபோவது இரு பாதைகளுக்கும் பொதுவான தொடக்க நிகழ்ச்சியாகக் காணப்படுகிறது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றிய நோய், உள்ளே இருவேறு நோய்களாக இருந்தது.

இவ்வறிவினால் கிடைத்த பயன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1991இல் நோயாளியின் சிறுநீரிலேயே பி-53 பிழையைக் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள். 2019இல் எப்.ஜி.எப்.ஆர். பிழையையே குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மேலோட்டமான புற்றுக்கு மிகுந்த பயன் தந்துவரும் மருந்து மரபணு ஆராய்ச்சியிலிருந்து வந்ததன்று. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளின் கையில் க்ஷயரோகத் தடுப்புக்காகக் குத்தப்படும் பி.சி.ஜி. மருந்தே அது. 1976இல் கனடாவில் அல்வரோ மொராலெஸ் என்ற மருத்துவர் அதைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்தி, 9 நோயாளிகளில் பலன் கண்டு வெளியிட்டார். உடலின் காவற்படையை எழுப்பிவிடும் அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 6 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாக மதிப்பீடு கூறுகிறது. ஆகவே இது பழங்கதையன்று. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் காணுவது இந்நோயின் முதல் அறிகுறி. வலியில்லை என்பதனாலும், ஒருமுறை வந்து தானே நின்றுவிடுவதனாலும் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நிட்ஸேயின் கருவியின் வழிவந்த உள்நோக்கி கொண்டு சில நிமிஷங்களில் பையின் உட்புறத்தைக் காணலாம். தொடக்கத்தில் கண்டால் நோயைப் பெரும்பாலும் வென்றுவிடலாம். சாயம், ரப்பர் முதலிய தொழில்களில் முன்னொரு காலத்தில் இருந்தவர்களும் புகைபிடிப்பவர்களும் இவ்வறிகுறியை ஒரு நாளும் அலட்சியம் செய்யலாகாது. மருத்துவரும் ரேன் கேட்ட பழைய கேள்வியைக் கேட்க மறக்கலாகாது: 'நீர் செய்த தொழில் என்ன?'

இச்சரித்திரத்தை முழுமையாக நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. 1895இல் மூன்று நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு ரேன் கண்டது திசையில் சரியாக இருந்தது. ஓரெழுத்துப் பிழை 1982இல்தான் தெரியவந்தது. ஆனால் கொப்பரையை அணைப்பதற்கு ஓரெழுத்துப் பிழையை அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிராங்க்பர்ட் மருத்துவரின் எளிய கேள்வியும், ஜெனீவா அறிக்கையும் போதுமானவையாக இருந்தன. நோயை விளக்குவதற்கு நுண்ணறிவு வேண்டும். நோயைத் தடுப்பதற்கோ, கண்டதைக் கண்டவாறு ஏற்றுக்கொள்ளும் நேர்மை போதும். அந்த நேர்மை காலத்தில் வந்திருந்தால் எத்தனையோ தொழிலாளர்கள் தம் முதுமையைப் பேரக் குழந்தைகளோடு கழித்திருப்பார்கள். இனி வரும் புதிய பொருள்களையும் புதிய தொழில்களையும் பற்றி எச்சரிக்கை எழும்போது, அதைக் காதில் வாங்கிக்கொள்ள இன்னும் ஐம்பத்துநான்கு ஆண்டுகள் காத்திராமல் இருப்பதே, பெயர் அறியப்படாத அந்தச் சாயத் தொழிலாளர்களுக்கு நாம் செலுத்தத்தக்க கடனாகும்.